இலைக்குள் இருக்கும் பொழுது

தீவகப் பயிர்களின் கதை – 11

சென்ற இதழில் யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்குப் போன கதையை வணிகர், வரி, வள்ளம் என்று பார்த்தோம். இந்த இதழில் சிப்பம் கட்டுவதற்கு முன்னால், செடியில் நின்ற இலைக்குத் திரும்புகிறோம்.

வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறைப் பக்கத்துத் தோட்டங்களில் துலா இருந்த காலத்தில் இறைப்பு இருட்டோடு தொடங்கிவிடும். ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடப்பார். கீழே நிற்பவர் பட்டையைப் பிடித்துத் தண்ணீரைச் சாய்ப்பார். வாய்க்காலில் ஓடிவருவதை இன்னொருவர் பாத்தி பாத்தியாகக் கட்டுவார். வெயில் ஏறமுதல் தண்ணி கட்டி முடிச்சிட வேணும் என்பதில் யாருக்கும் மறுபேச்சு இல்லை. துலாவில் நடப்பவருக்கு வெயிலில் கால் ஓயும். வாய்க்காலிலேயே பாதித் தண்ணீர் சுவறிப் போகும். கிணற்றுக்கும் ஒரு காரணம் உண்டு. தீவகத்தின் சுண்ணக்கல்லுக்குள் மழைநீர் கடல்நீரின் மேல் ஒரு மெல்லிய படலமாக மிதக்கிறது. பகலில் இறைத்த இடத்தை இரவில் ஊறும் நீர் நிரப்பினால்தான் மறுநாள் நல்ல தண்ணீர். அளவு மீறி இறைத்தால் அடியிலிருந்து உவர் மேலேறும்.

இலையும் இதே கணக்கைத்தான் போடுகிறது. ஒளித்தொகுப்புக்கு வேண்டிய காபனீரொட்சைட்டு இலைவாய் வழியாக உள்ளே வர வேண்டும். வாய் திறந்தால் அதே வழியால் நீராவி வெளியே போகும், உள்ளே வரும் வாயுவைவிடப் பல நூறு மடங்கு கூடுதலாக. காலையில் காற்று குளிர்ந்து ஈரமாக இருக்கும்போது இந்தப் பரிமாற்றம் செடிக்குக் கட்டுப்படியாகும். சோளகம் வீசும் மாதங்களில் பதினொரு மணிக்குப் பிறகு கட்டாது. அப்போது பல பயிர்கள் இலைவாயைச் சுருக்கிக்கொள்ளும். வெயில் உச்சத்தில் நிற்கும் நேரத்திலேயே ஒளித்தொகுப்பு தளர்ந்து, பின்னேரம் ஓரளவு மீளும். கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் நீர்ப்பாசி போன்ற ஹைட்ரில்லாச் செடி வெளிவிடும் வாயுக் குமிழிகளைத் தானாகவே பதிவுசெய்யும் கருவி ஒன்றைச் செய்து, ஒளித்தொகுப்பின் ஏற்ற இறக்கத்தை அளந்து 1924இல் ஒரு நூலே எழுதினார்.

ஆனால் வெயிலுக்கும் காற்றுக்கும் இலை அந்தந்தக் கணத்தில் காட்டும் எதிர்வினை இந்தக் கதையில் பாதிதான். மற்றப் பாதி, வெயில் வருமுன்னரே இலை ஆயத்தமாகிவிடுகிறது என்பது. கிழக்கு வெளுக்குமுன் எழும்பும் தோட்டக்காரரைப் போல இலையும் முன்கூட்டியே எழும்புகிறது. பொழுதை அது எங்கிருந்து அறிகிறது என்று கண்டுபிடிக்க மனிதருக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அந்தத் தேடலில் புளி, ரணகள்ளி, புகையிலை, நெல் என்று நமக்குப் பழகிய செடிகளே திரும்பத் திரும்ப வருகின்றன. இந்தத் தொடரில் இதற்கு ஓர் இதழ் ஒதுக்கியது அதனால்தான்.

*

முதற்குறிப்பு ஒரு தீவிலிருந்து வந்தது. கி.மு. 4ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், மாமன்னன் அலெக்சாந்தரின் கப்பல் தலைவர்களில் ஒருவரான அந்திரோஸ்தெனிஸ் பாரசீக வளைகுடாவிலுள்ள தைலோஸ் தீவுக்குப் போனார். இன்றைய பஹ்ரெய்ன்தான் அது. அங்கே நின்ற ஒரு மரத்தின் சிற்றிலைகள் இரவில் மூடி, சூரிய உதயத்தில் விரியத் தொடங்கி, நண்பகலில் முழுதாக விரிந்து, மாலையில் மீண்டும் மெல்ல மூடுவதை அவர் குறித்துவைத்தார். தாவரவியலின் தந்தை எனப்படும் தியோபிராஸ்தஸ் அதைத் தன் நூலில் சேர்த்ததால் செய்தி தப்பியது. அந்த மரம் புளி என்று பிற்காலத்து அறிஞர் அடையாளம் கண்டார்கள். மரம் தூங்குகிறது என்றுதான் அந்தத் தீவின் மக்கள் சொன்னார்களாம். படைத்தலைவன் ஒருவன் போர்க்கணக்குக்கு நடுவே புளியிலையை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பதே எனக்கு வியப்பு.

அதற்குப் பிறகு இந்த விடயத்தில் நெடிய மௌனம். 1729இல் பிரான்ஸில் வானியலாளர் தெ மைரான் ஒரு தொட்டாற்சுருங்கியைத் தூக்கி இருட்டில் வைத்தார். வெளிச்சம் படாவிட்டாலும் அது பகலில் இலை விரித்தது, இரவில் மடித்தது. செடி சூரியனைப் பார்க்காமலே உணர்கிறது என்று அவர் நினைத்தார். தம் வானியல் வேலைக்கு நடுவே இதை எழுதி வெளியிட அவர் மெனக்கெடவில்லை. நண்பர் மார்ஷான்தான் பாரிஸ் அறிவியற் கழகத்துக்குத் தெரிவித்தார். ஒரு நூற்றாண்டு கழித்து, 1832இல், சுவிட்சர்லாந்தின் தெ காந்தோல் அதே செடியை விளக்கு வெளிச்சத்தில் இடைவிடாமல் வைத்துப் பார்த்தபோது அதன் நாள் 22, 23 மணி நேரத்துக்குச் சுருங்கியிருந்தது. வெளியிலிருந்து ஏதோ ஒரு மறைவான குறிப்பு வந்துகொண்டிருந்தால் 24 மணி என்றல்லவா இருந்திருக்க வேண்டும்? செடிக்கு உள்ளேயே ஒரு நாள் ஓடுகிறது என்பதற்கு இது முதற் சான்று. ஆனாலும் அடுத்த நூறு ஆண்டுகள் பலர் அதை நம்பவில்லை.

*

இந்த இரண்டு ஐரோப்பியச் சோதனைகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் நம் பக்கத்தில் ஒரு கண்டுபிடிப்பு நடந்தது. பாடநூல்களில் அது ஒரு வரியில் வந்துபோகும். அதை நான் கொஞ்சம் நின்று சொல்ல விரும்புகிறேன்.

பெஞ்சமின் ஹெய்ன் 1770இல் ஜேர்மனியின் சாக்சனியில் பிறந்தவர். மொறேவியச் சபையோடு தரங்கம்பாடிக்கு வந்து, மருத்துவமும் தாவரவியலும் செய்து, பின்னர் கிழக்கிந்தியக் கம்பனியின் சென்னை அரசில் தாவரவியலாளராகச் சேர்ந்தவர். ஆந்திரக் கரையின் சாமர்லகோட்டைத் தோட்டத்தை றொக்ஸ்பரோவுக்குப் பிறகு ஏற்றவரும் அவரே. 1819இல் சென்னையிலேயே இறந்தார். இந்தியத் தோட்டங்களில் வளர்ந்த ஒரு சதைப்பற்றுள்ள செடியின் இலையை அவர் வாயிலிட்டுச் சுவைத்துப் பார்த்தார். இலையைக் கிள்ளி மண்ணில் போட்டால் விளிம்பெல்லாம் குட்டிச்செடி முளைக்குமே, நம் வீட்டு வேலியோரத்து ரணகள்ளி, அதுதான். விடியலில் அந்த இலை கடும் புளிப்பு. நேரம் ஏற ஏறப் புளிப்புக் குறைந்து, நண்பகலில் சுவையே இல்லை. அந்திக்குச் சற்றுக் கசப்பு. மறுநாள் விடியலில் மறுபடி புளிப்பு.

1813இல் லண்டனில் இருந்தபோது லின்னேயக் கழகத்தின் லாம்பேர்ட்டுக்கு இதைக் கடிதமாக எழுதினார். கடிதம் 1815இல் கழகத்தின் ஏட்டில் அச்சேறியது. அச்சில் மூன்று பக்கம் வரும், அவ்வளவே. கருவி இல்லை, தராசு இல்லை. ஒரு நாக்கும், ஒரே செடிக்கு ஒரே நாளில் பல தடவை திரும்பிப்போகும் பொறுமையும் மட்டும். (வாசகர்கள் இதைச் செய்துபார்க்க வேண்டாம். ரணகள்ளி ஆடுமாட்டுக்கு நஞ்சு, மனிதருக்கும் நல்லதல்ல.)

ஹெய்ன் சுவைத்தது என்ன என்பது நூற்றைம்பது ஆண்டுகளில் துண்டு துண்டாக விளங்கியது. ரணகள்ளியும் கற்றாழையும் நாகதாளியும் அன்னாசியும் பகலில் இலைவாயைத் திறப்பதில்லை. இரவின் குளிர்ச்சியில் திறந்து, காபனீரொட்சைட்டை வாங்கி, அதை மலிக் அமிலமாக மாற்றிக் கலங்களின் புன்வெற்றிடங்களில் சேர்த்துவைக்கின்றன. விடியும்போது அமிலம் நிறைந்திருக்கும். பகலில் வாயை மூடிக்கொண்டு, உள்ளே இருக்கும் அமிலத்தை உடைத்து, வெளிவரும் வாயுவை வெயிலோடு சேர்த்து ஒளித்தொகுப்புச் செய்யும். வாயு வாங்குவது இரவு வேலை, சீனி ஆக்குவது பகல் வேலை. தண்ணீர்ச் செலவு மற்றப் பயிர்களோடு ஒப்பிட மிகக் குறைவு. நெடுந்தீவின் கல்வேலிக்குப் பக்கத்தில், மண் என்று சொல்ல ஒன்றுமில்லாத இடத்திலும் கற்றாழை பிழைத்து நிற்பதன் கணக்கு இதுதான். இந்த முறைக்குக் கிராசுலேசிய அமில அனுசேபம் என்று பெயர்.

இதிலும் செடி இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் கீழ்ப்படிந்து மட்டும் நடக்கிறதா? பிரித்தானியாவின் மல்கம் வில்கின்ஸ் 1959, 1960 ஆண்டுகளில் ரணகள்ளிக்கு நெருங்கிய உறவான செடி ஒன்றின் இலைகளை இடைவிடாத இருட்டில் வைத்து, அவை வெளிவிடும் காபனீரொட்சைட்டை அளந்தார். நாட்கணக்கில் அது ஏறி இறங்கியது. ஒரு சுற்றுக்கு 22 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். 1999இல் கிளாஸ்கோவில் ஹார்ட்வெல்லும் நிம்மோவும் உடனாய்வாளர்களும் அதற்குப் பின்னால் இருந்த மரபணுவைக் கண்டார்கள். வாயுவைப் பிடிக்கும் நொதியத்தைத் தூண்டிவிடும் இன்னொரு நொதியத்தின் மரபணு அது. உட்கடிகாரம் சொல்லும் இரவு நேரத்தில் விழித்து, பகல் நேரத்தில் அடங்குகிறது. ஹெய்னின் நாக்கில் பட்ட புளிப்புக்கு அடியில் ஒரு மரபணுவின் தினசரி ஏற்ற இறக்கம் இருந்தது என்று 186 ஆண்டுகள் கழித்துச் சொல்ல முடிந்தது.

சாமை, தினை, குரக்கன் ஆகியவற்றுக்கு வேறு உபாயம். அவை பகலில்தான் வேலை செய்யும். ஆனால் வாயுவை ஒரு வகைக் கலத்தில் பிடித்து இன்னொரு வகைக் கலத்துக்குள் செறிவாக்கித் தருவதால் இலைவாயை அதிகம் திறக்கத் தேவையில்லை. ஹவாய்த் தீவின் கரும்பில் இதற்கான தடயம் 1965இல் வெளியானது. அடுத்த ஆண்டே அவுஸ்திரேலியாவில் ஹட்ச்சும் ஸ்லாக்கும் வழிமுறையை விளக்கினார்கள். தீவகத்து மானாவாரி நிலத்தில் சிறுதானியம் நின்றுபிடித்ததற்கு இது ஒரு காரணம். அதை இத்தொடரின் நான்காம் இதழில் விரிவாகவே பார்த்துவிட்டோம்.

*

இனிப் புகையிலை.

1906ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மேரிலாந்துப் புகையிலை வயல்களில் ஒரு விசித்திரச் செடி தென்பட்டது. பூக்கவே இல்லை. பத்தடிக்கு மேல் உயர்ந்து இலையாகத் தள்ளிக்கொண்டே போனது. புகையிலைச் செய்கை தெரிந்தவர்களுக்கு இதன் மதிப்பு விளங்கும். பூ வந்தால் செடியின் சாரம் பூவுக்கும் விதைக்கும் போய்விடும். அதனால்தான் நம் தோட்டக்காரர் பூங்கொத்தையும் பிறகு வரும் பக்கத் தளிர்களையும் கையால் முறித்துவிடுவார்கள். அப்போதுதான் இலை தடிக்கும். முறிக்காமலே இலை தரும் செடி என்றால் யார் வேண்டாம் என்பார்? சிக்கல் விதையில்தான். பூக்காத செடிக்கு விதை ஏது? மாரிகாலத்துக் கண்ணாடி வீட்டில் வைத்தால் மட்டும் அது குட்டையாக நின்று பூத்தது.

வெப்பமா, உரமா, ஈரமா என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துச் சலித்தபின், அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் கார்னரும் அல்லார்டும் 1918 யூலையில், வாஷிங்டனுக்கு அருகே ஆர்லிங்டன் பண்ணையில், நாய்க்கூடு போல ஒரு மரக்கூண்டு அடித்தார்கள். பின்னேரம் நாலு மணிக்குச் சில புகையிலைச் சாடிகளையும் ஒரு பெட்டி சோயாவையும் உள்ளே தள்ளி, மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வெளியே எடுத்தார்கள். கோடையின் நடுவில் செடிக்கு மாரிகாலத்துக் குறும்பகலைக் கொடுத்தார்கள், வேறொன்றும் செய்யவில்லை. கூண்டுக்குள் போய்வந்தவை பூத்தன. வெளியே நின்றவை இலை தள்ளிக்கொண்டே நின்றன. 1920இல் வெளியான அவர்களின் கட்டுரைக்குப் பிறகு, பயிர் எப்போது பூக்கும் என்ற கேள்வியில் பகலின் நீளம் நிரந்தரமாக இடம்பிடித்தது.

பகல் நீளத்தை அளக்க வேண்டுமானால் செடியிடம் ஓர் அளவுகோல் இருக்க வேண்டுமே. அந்த இணைப்பைச் செய்தவர் ஜேர்மனியின் எர்வின் பியூனிங். 1920களின் முடிவில் பிராங்பேர்ட்டில் அவரும் கூட்டாளி குர்ட் ஸ்டேர்னும் காற்றிலுள்ள மின்னேற்றத்துக்கும் அவரையிலையின் அசைவுக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க அமர்த்தப்பட்டிருந்தார்கள். ஹம்பேர்க்கின் ரோஸ் ஸ்டொப்பல் என்ற பெண் ஆய்வாளர், இருட்டறையில் வைத்த அவரையிலைகள் எப்போதும் அதிகாலை மூன்றுக்கும் நாலுக்கும் இடையில் ஒரே நிலைக்கு வருவதைக் கண்டிருந்தார். அறைக்கு வெளியே இருந்து ஏதோ ஒரு காரணி வருகிறது என்பது அவர் முடிவு. பியூனிங்கும் ஸ்டேர்னும் ஸ்டேர்னுடைய உருளைக்கிழங்கு நிலவறையில் அதே சோதனையைச் செய்தால், இலைகள் அந்த நிலைக்கு வந்தது காலை பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையில்! ஏழெட்டு மணி நேர வித்தியாசம் எப்படி?

விடை மங்கலான ஒரு சிவப்பு விளக்கில் இருந்தது. செடிக்குத் தண்ணீர் விட ஸ்டொப்பல் காலையில் சிவப்பு விளக்கோடு போவார். நிலவறை தூரத்தில் இருந்ததால் இவர்கள் இருவரும் பின்னேரம் போவார்கள். அந்தக் காலத்தில் எல்லோரும் செடிக்குச் சிவப்பொளி தெரியாது என்று நம்பியிருந்தார்கள். உண்மையில் அந்த மங்கல் வெளிச்சமே செடியின் கடிகாரத்தை ஒவ்வொரு நாளும் திருத்திவைத்திருந்தது. விளக்கை எடுத்துவிட்டுப் பார்த்தபோது இலையின் நாள் 25 மணி நேரத்தைத் தாண்டியது. ஊர்நேரத்தோடு ஒட்டாமல் தன்பாட்டில் ஓடியது. வெளிக்காரணி என்ற கதை அத்தோடு சாய்ந்தது. பின்னர் 23 மணி நேர நாளுள்ள அவரையையும் 26 மணி நேர நாளுள்ள அவரையையும் கலப்பினம் செய்தார் பியூனிங். பிள்ளைச்செடிகளின் நாள் இரண்டுக்கும் இடைப்பட்டு நின்றது. அப்படியானால் இந்தக் கடிகாரம் பரம்பரையாக வருவது. 1936இல் அவர் இன்னும் ஒரு படி போனார்: செடியின் உள்நாளில் ஒரு பகுதி வெளிச்சத்துக்கு, ஒரு பகுதி இருட்டுக்கு, இருட்டுக்குரிய பகுதியில் வெளிச்சம் விழுகிறதா இல்லையா என்பதை வைத்தே செடி பகல் நீளத்தை அறிகிறது என்றார். பலர் தலையசைக்க மறுத்தார்கள். சரிதான் என்று ஏற்க மூன்று தசாப்தம் ஆகியது.

பியூனிங் இருந்த டியூபிங்கனில் ஆய்வுசெய்து திரும்பிய எம்.கே. சந்திரசேகரன்தான் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிர்க்கடிகார ஆய்வைத் தொடக்கியவர். மதுரைக்கு அருகே குகை வௌவால்களின் நாளை அளந்து உலகப் பெயர் பெற்றது அந்தக் குழு. உருளைக்கிழங்கு நிலவறையிலிருந்து சமணர் மலைக் குகை வரை ஓர் ஆசிரிய மாணவ மரபு நீண்டிருக்கிறது. தமிழில் இது போதிய அளவு எழுதப்படவில்லை என்பது என் குறை.

*

மரபணு நேரடியாகக் கைக்குள் வந்தது 1985இல். ஜேர்மனியின் குளொப்ஸ்டெக், பட்டாணிச் செடியில் வெளிச்சத்தைப் பிடிக்கும் பச்சையப் புரதங்களுக்கான தூதுவர் ஆர்.என்.ஏ. நாளுக்கு ஒரு தரம் ஏறி இறங்குவதைக் காட்டினார். ஏற்றம் தொடங்குவது விடியலுக்கு முன்னால். வெயில் வந்தபின் அதைப் பிடிக்க ஆள் தேடினால் காலை வீணாகும். ஆட்கள் ஏற்கெனவே தயாராகிவிடுகிறார்கள்.

மூன்று ஆண்டு கழித்து மீண்டும் புகையிலை. நியூயோர்க்கின் றொக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் நாகி, கே, சிங்கப்பூரில் பிறந்த நாம்-ஹாய் சுவா ஆகிய மூவரும் கோதுமையின் பச்சையப் புரத மரபணு ஒன்றை எடுத்துப் புகையிலைக்குள் வைத்தார்கள். கோதுமை புல்லினம், புகையிலை கத்தரியின் உறவு. இரண்டும் பிரிந்து பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேல். இருந்தும் புகையிலையின் கடிகாரம் சொன்ன நேரத்துக்குக் கோதுமை மரபணு எழும்பியது, அடங்கியது. யாழ்ப்பாணத்தில் கயிறாகத் திரித்தும் சுருட்டாகச் சுற்றியும் விற்ற இலை, ஆய்வுகூடத்தில் இன்னொரு பயிரின் நேரத்தைப் படித்துக் காட்டியது. 1995இல் கேயின் குழு மின்மினியின் ஒளிப்புரத மரபணுவை ஒரு சிறு கடுகினக் களைக்குள் வைத்து, மினுக்கத்தின் ஏற்ற இறக்கத்தைக் கமராவால் பார்த்து, 21 மணி நேரத்தில் நாளை முடித்துக்கொள்ளும் பிறழ்ந்த செடி ஒன்றைப் பிடித்தது. கடிகாரத்தின் பற்சக்கரங்கள் ஒவ்வொன்றாக வெளிவரத் தொடங்கின. 2017இல் நோபல் பரிசு பழ ஈயின் கடிகாரத்தைப் பிரித்த மூவருக்குப் போனது. செடியோடு மினக்கெட்டவர்கள் கைதட்டியதோடு சரி.

2000இல் ஹார்மரும் கூட்டாளிகளும் அதே களையின் எட்டாயிரம் மரபணுக்களை ஒரே நேரத்தில் அளந்தபோது, அவற்றில் 6 விழுக்காடு நாளோடு ஆடுவது தெரிந்தது. பிற்கால அளவீடுகள் இதை மூன்றில் ஒரு பங்கு வரை உயர்த்தின. எது எப்போது என்பதுதான் சுவை. வெயிலின் ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருட்களைச் செய்யும் மரபணுக்கள் விடியலுக்கு முன்னால் எழும்புகின்றன. ஒளித்தொகுப்புக்குரியவை பகலின் முற்பகுதியில் உச்சத்துக்கு வருகின்றன.

இரவுக் கணக்கு இன்னும் நுணுக்கம். பகலில் இலை தான் ஆக்கும் சீனியின் ஒரு பகுதியை மாப்பொருளாக ஒதுக்கி வைக்கிறது. பள்ளிக்கூடத்தில் அயடீன் விட்டு இலை கருநீலமாவதைப் பார்த்திருப்போமே, அது 19ஆம் நூற்றாண்டில் ஜூலியஸ் ஸாக்ஸ் செய்துகாட்டியது. அந்தியில் பறித்த இலை நிறம் காட்டும், விடியலில் பறித்தது காட்டாது. இந்த ஒதுக்கீடு விடியும் வரை சரியாகப் போதுமாறு செலவாகிறது. முன்னே தீர்ந்தால் செடி பட்டினி, மிஞ்சினால் வளர்ச்சிக்கு நட்டம். இங்கிலாந்தின் நோரிச்சில் அலிசன் ஸ்மித்தின் குழு 2010இல் செயற்கையாக 28 மணி நேர நாளில் செடி வளர்த்தது. முந்தைய விடியலிலிருந்து 24 மணி நேரம் ஆனதும் மாப்பொருள் தீர்ந்துவிட்டது. வெளியே இருட்டு இன்னும் நாலு மணி நேரம் பாக்கி. செடி கணக்கு வைத்தது தன் நாளுக்கு. 2005இல் கேம்பிரிட்ஜில் டொட்டும் வெப்பும் இதை மறுபக்கத்திலிருந்து காட்டியிருந்தார்கள்: உள்நாளும் வெளிநாளும் ஒத்துப்போகும் செடியில் பச்சையம் கூட, ஒளித்தொகுப்புக் கூட, வளர்ச்சியும் கூட. 20 மணி நேரச் செடிக்கு 20 மணி நேர நாளும், 28 மணி நேரச் செடிக்கு 28 மணி நேர நாளும்தான் பிடித்தது.

*

நெல்லுக்கு வருவோம். தீவகத்தில் நெல் மழையோடு மட்டும் சம்பந்தப்பட்டது. ஆவணி, புரட்டாதியில் விதைத்து, வாடைக்காற்றின் மழையில் வளர்ந்து, தை, மாசியில் அரிவி வெட்டு. மழை முந்தினாலும் பிந்தினாலும் கதிர் தள்ளும் காலம் அதிகம் பிசகாமல் இருந்தால்தான் கடைசி மழையில் பால் பிடித்து, பனி வெயிலில் முற்றும். ஆனால் யாழ்ப்பாணம் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்துப் பாகைக்குள். ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. இதை வைத்து ஒரு புல் மாதம் கணிக்க முடியுமா?

முடியும் என்பதற்கு மலாயாவிலிருந்து ஓர் ஆதாரம் உண்டு. மலாக்காவில் பகல் நீளத்தின் ஆண்டு வித்தியாசம் வெறும் 14 நிமிடம். அங்கே சியாம் 29 என்ற நெல்லைத் தையில் நட்டால் பூக்க 329 நாள், புரட்டாதியில் நட்டால் 161 நாள் என்று 1959இல் டோர் எழுதினார். நெடுந்தீவுக்கு வடமேற்கே பாக்கு நீரிணையைக் கடந்தால் வரும் தஞ்சைச் சமவெளியில் இதை வைத்தே ஒரு செய்கை முறை இருந்தது. குறுவை நெல்லையும் ஒட்டடையான் நெல்லையும் கலந்து ஒரே வயலில் விதைப்பார்கள். உடு என்று அதற்குப் பெயர். புரட்டாசி, ஐப்பசியில் குறுவை முற்றும். அதை அறுக்கும்போது ஒட்டடையானின் தலையும் சேர்ந்து அறுபடும். ஒட்டடையான் அதைப் பொருட்படுத்தாமல் மீண்டும் துளிர்த்து, பகல் குறுகும்வரை காத்திருந்து, தையில் தன் கதிரைத் தரும். ஒரு வயலில் இரண்டு நாட்காட்டி. வெள்ளத்துக்கும் ஆள் பற்றாக்குறைக்கும் ஏற்ற ஏற்பாடு. முன்னோர் மரபணுவை அறிந்திருந்தார்கள் என்று இதிலிருந்து முடிவு கட்ட எனக்கு மனமில்லை. அவர்கள் பூக்கும் நாளை அறிந்திருந்தார்கள், விதையை அதன்படி தெரிந்தெடுத்தார்கள். அதுவே பெரிய காரியம்.

மரபணுக் கதை யப்பானில் விளங்கியது. 2000இல் யானோவின் குழு ஹெச்.டி.1 என்ற மரபணுவைப் பிரித்தெடுத்தது. குறும்பகலில் பூப்பைத் தூண்டி, நெடும்பகலில் தடுக்கும் இரட்டைக் குணம் அதற்கு. 2007இல் நாராவில் ஷிமாமொட்டோவின் குழு, இலையில் பிறந்து குருத்துக்குப் பயணம் செய்து பூக்கச் சொல்லும் புரதத்தைக் காட்டியது. பூ வருவிக்கும் ஒரு பொருள் இலையிலிருந்து போகிறது என்று 1930களிலிருந்து ஊகித்துத் தேடியது அதைத்தான். 2010இல் இன்னொரு குழு, அந்தப் புரதத்தின் மரபணு எழும்புவதா இல்லையா என்பதை நெல் அரை மணி நேரப் பகல் வித்தியாசத்தில் தீர்மானிக்கிறது என்று கண்டது. கடிகாரம் நாளின் ஒரு குறித்த வேளையில் மட்டும் ஒரு கதவைத் திறந்துவைக்கிறது; அப்போது வெளிச்சம் அதில் படுகிறதா என்பதே செய்தி. பியூனிங் 1936இல் சொன்னதன் நெல் வடிவம் இது.

பசுமைப் புரட்சி இந்தக் கதவை அடைத்தது. 1966இல் பிலிப்பைன்ஸிலிருந்து வெளிவந்த ஐ.ஆர். 8 பகல் நீளத்தைப் பொருட்படுத்தாது. எந்த மாதம் நட்டாலும் ஏறக்குறைய அதே நாட்களில் முற்றும். குளத்துப் பாசனம் உள்ள இடத்தில் இரண்டு போகம், மூன்று போகம் அதனால்தான் சாத்தியமானது. மழையை மட்டும் நம்பிய தீவக வயலுக்கு அந்தச் சுதந்திரத்தால் பெரிய பலன் இல்லை என்பது என் அபிப்பிராயம். இங்கே போகம் ஒன்றே. அதன் முடிவு நாள் நிலையாக இருப்பது குறுகிய வயதைவிடப் பெறுமதியானது.

2012இல் யப்பானின் சுக்குபா வயல்களிலிருந்து நாகானோவும் இசாவாவும் 461 நெல்லிலை மாதிரிகளை இரவு பகலாக எடுத்து, மரபணுக்களின் ஏற்ற இறக்கத்தை வானிலைப் பதிவோடு பொருத்தினார்கள். நாளின் வேளை, வெப்பநிலை, வெயில், செடியின் வயது ஆகியவற்றைக் கொடுத்தால் பெரும்பாலான மரபணுக்களின் நிலையை முன்கூட்டியே கணிக்கலாம் என்று அந்த ஆய்வு காட்டியது. அது ஈரமும் மண்ணும் குறையாத வயல். சோளகம் வாட்டும், உவர் ஏறும் சுண்ணக்கல் மண்ணில் அதே கணக்கு எப்படி வரும் என்று கிளிநொச்சியில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்து மாணவர் யாராவது ஒரு சோளக காலம் முழுக்க வேலணையில் நின்று அளந்தால், அதைப் படிக்க முதல் ஆளாக நான் இருப்பேன்.

அடுத்த இதழில் மண்ணெண்ணெய் மெசின் வருகிறது. துலா போய் மெசின் வந்ததும் தண்ணீர் கட்டும் நேரம் விடியலிலிருந்து நகர்ந்தது. விரும்பிய வேளையில், விரும்பிய அளவு இறைக்கலாம் என்றானபோது வெங்காயமும் மிளகாயும் பெருகின. சில கிணறுகளில் உவரும் ஏறத் தொடங்கியது.